களுத்துறையில் ஏறி அம்பலாந்தோட்டையில் இறங்கும் பாதை

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடல் இல்லை. ஆனால் அங்கே பெய்யும் மழை மூன்று பெரிய ஆறுகளின் வழியே கடலுக்குப் போகிறது. சிவனொளிபாத மலைப் பக்கம் தோன்றும் களு கங்கை இரத்தினபுரி நகரைச் சுற்றிக்கொண்டு களுத்துறையில் கடலில் சேர்கிறது. களனி கங்கை கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பக்கமாக வந்து கொழும்பின் வடக்கு ஓரத்தில் முடிகிறது. வளவை கங்கை பலாங்கொடை மலைகளின் நீரைத் திரட்டி உடவளவைக் குளத்தை நிரப்பிவிட்டு அம்பலாந்தோட்டையில் கடலைத் தொடுகிறது. கரையோரப் பட்டினங்களையும் உள்நாட்டுக் காட்டையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஆறுகளைவிட நல்ல வரைபடம் கிடையாது. களு கங்கைப் பக்கமாக ஏறி, வளவைப் பக்கமாக இறங்கி, தென்கரையோரமாகக் கொழும்புக்குத் திரும்பினால் போன வழியே வரவேண்டியதில்லை. மழைக்காடு, தோட்டம், வறண்ட புதர்க்காடு, கடல் என்று நிலம் நான்கு முறை மாறும். வீதி வருவதற்கு முன்னரே இரத்தினபுரிக்கும் களுத்துறைக்கும் இடையே படகுகள் சரக்கு ஏற்றிப் போன வழிதான் இதன் முதற்பாதி.

இப்படி ஒரு பாதை இருந்தும், கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இரத்தினபுரியில் ஒரு பிளேன்டீ குடிப்பதற்கு மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு எல்லவுக்கோ நுவரெலியாவுக்கோ போய்விடுகிறார்கள். இரண்டு உலக மரபுரிமைத் தலங்களில் பங்கு கொண்ட மாவட்டம் அது: 1988இல் அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனம், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட சிவனொளிபாத வனப் பகுதி. குறைந்தது இரண்டு இரவுகளாவது அதற்கு ஒதுக்கவேண்டும்.

திட்டத்தில் முதலில் முடிவு செய்யவேண்டியது மாதம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை சப்ரகமுவ மலைகளில் நேரே வந்து மோதும். ஒக்டோபர், நவம்பரில் பருவங்களுக்கு இடைப்பட்ட மழை பின்னேரங்களில் இடியோடு கொட்டும். இலங்கையிலேயே அதிக மழை பெறும் நகரங்களில் ஒன்று இரத்தினபுரி. களு கங்கை பெருகினால் கடைத்தெருவுக்குள் படகு ஓடுவது அந்த ஊருக்குப் புதிதல்ல. 2003 மே, 2017 மே வெள்ளங்களை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையே மழை ஓரளவு ஓய்ந்திருக்கும். தென்கரையில் கடல் அமைதியாக இருக்கும் காலமும் அதுதான். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் போயாவில் முடியும் சிவனொளிபாத யாத்திரைக் காலமும் அந்த மாதங்களில் நடந்துகொண்டிருக்கும். மூன்றும் ஒன்றாகக் கூடும் அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களே இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. ஆனால் போயா நாட்களிலும் அதையொட்டிய வார இறுதிகளிலும் இரத்தினபுரி வீதி யாத்திரிகர் பஸ்களால் நிரம்பிவிடும். அன்று அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

மழை மாதங்களில்தான் போகமுடியும் என்றால், காலையில் வண்டியைக் கிளப்பும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மஞ்சள் நிறம் விழிப்பாக இருக்கச் சொல்கிறது, செம்மஞ்சள் இடம்பெயர ஆயத்தமாகச் சொல்கிறது, சிவப்பு உடனே வெளியேறச் சொல்கிறது. அந்த அறிவிப்பு குடியிருப்பவர்களுக்கானது. என்றாலும் செம்மஞ்சள் அறிவிக்கப்பட்ட பிரதேசத்தின் மலைவீதியில் ஊர் பார்க்கப் போகிறவருக்கு வேலை இல்லை. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் விழுந்து உயிர்களைப் பறித்ததோடு கண்டி வீதியும் மூடப்பட்டது. அதே மாத இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் பல இடங்களில் அறுத்துப் போட்டது. பழைய பயணக் குறிப்பை வைத்துக்கொண்டு பாதை இருக்கும் என்று நம்பிப் போவதைவிட, தங்கப்போகும் இடத்துக்கு முதல்நாள் ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது பயனுள்ளது.

அடுத்தது நேரம். இந்தப் பாதையில் கிலோமீற்றர் கணக்கு ஏமாற்றும். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. தெற்கு அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் அதே தூரத்துக்கு இங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. எகெலியகொடையில் சந்தை, குருவிட்டவில் பாடசாலை விடும் நேரம், நடுவில் மணிக்கு 40 கி.மீ. மட்டுமே ஓட அனுமதியுள்ள முச்சக்கரவண்டி வரிசை என்று எல்லாம் சேரும். மலைப்பாதையில் மணிக்கு 30 கி.மீ. என்று கணக்கிட்டு, ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதபடி திட்டமிட்டால் பார்ப்பதற்கு நேரம் மிஞ்சும். இரத்தினபுரியை எட்டும் அதிவேகப் பாதை வெகுகாலமாகத் திட்டமாகவே இருந்துவருகிறது. அதை நம்பி நாள் குறிக்கவேண்டாம்.

கடற்கரையிலிருந்து ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாணந்துறையில் காலி வீதியை விட்டுப் பிரியும் ஏ8 வீதி ஹொரணை, இங்கிரிய வழியாக நேரே இரத்தினபுரிக்குப் போகிறது. சாதாரணக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதுவே சுலபம். களுத்துறையில் கங்கை முகத்தையும் பாலத்தருகே உள்ள போதியையும் பார்த்துவிட்டு உள்ளே திரும்புகிறவர்கள் மத்துகம, அகலவத்தை வழியாகக் கலவானைக்கு ஏறலாம். இந்த வழி ஒடுங்கியது. ஆனால் தென்னை முடிந்து இறப்பர் தொடங்கி, இறப்பர் முடிந்து காடு தொடங்குவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வீதி வேறில்லை. சிங்கராஜாவுக்குப் போவதென்றால் இதையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

கலவானையிலிருந்து வெத்தாகலை, அங்கிருந்து குடாவ. வண்டி அங்கே நின்றுவிடும். சிங்கராஜாவுக்குள் வாகனம் விடுவதில்லை. நுழைவுச்சீட்டோடு ஒரு வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு நடக்கவேண்டும். நடக்கும் அந்த அகலமான பாதையின் வரலாறு அறியத்தக்கது. 1970களில் கொசுகமவிலிருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்தக் காட்டை இயந்திரம் கொண்டு வெட்டத் தொடங்கினார்கள். மரம் ஏற்றும் லொறிகளுக்காகப் போட்ட வீதிதான் இன்று பயணிகள் நடக்கும் பாதை. எதிர்ப்புக் கிளம்பி, 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. பாதையோரத்தில் இருப்பது பெரும்பாலும் அதன்பின் வளர்ந்த காடு. பழைய காட்டைப் பார்க்க இன்னும் உள்ளே போகவேண்டும்.

சிங்கராஜாவில் யானையையோ சிறுத்தையையோ எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அங்கே காட்சி பறவைகளுடையது. பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகக் காட்டைச் சல்லடை போட்டபடி நகரும். பழுப்பு நிறச் சிலம்பன்கள் கத்திக்கொண்டே முன்னால் போக, கரிச்சான்கள் காவல் காப்பதுபோல் கூடவே பறக்க, பின்னால் மரங்கொத்தியும் குக்குறுவானும் நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட கெஹிபெல்லாவும் வந்துசேரும். கெஹிபெல்லா இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாத காட்டில் திடீரென்று இருபது முப்பது பறவைகள் தலைக்கு மேலே கடந்து, பத்து நிமிடத்தில் மறுபடி அமைதியாகிவிடும். அதற்காகக் காலை ஏழு மணிக்கே உள்ளே இருக்கவேண்டும். அட்டைக்கடிக்கு முழங்கால்வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறை போதும். ஒட்டிய அட்டையை இழுக்காமல் சவர்க்காரத்தைத் தொட்டுவைத்தால் விழுந்துவிடும்.

கலவானையிலிருந்து இரத்தினபுரி ஒரு காலைப்பொழுதுப் பயணம். வயலோரமாகத் தென்னோலை வேய்ந்த சிறு கூரைகள் தெரிந்தால் அவை மாணிக்கக் குழிகள். மரச்சட்டம் கட்டி, சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே பன்னம் திணித்து, சரியாமல் இறக்கிய சதுரக் கிணறு அது. இடைவிடாமல் பம்பு நீரை இறைக்கும். அடியில் ‘இல்லம்’ என்று சொல்லும் சரளை மண் படலத்தை எட்டியதும் அதை மேலே ஏற்றி, கூம்பு வடிவக் கூடையில் அள்ளி, இடுப்பளவு நீரில் நின்று சுழற்றிச் சுழற்றிக் கழுவுவார்கள். சேறு போய், இலேசான கல் போய், கனமானவை கூடையின் அடியில் தங்கும். அனுபவப்பட்ட ஒருவர் அதை வெயிலுக்குச் சாய்த்து விரலால் தள்ளிப் பார்ப்பார். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. நகரத்தில் முற்பகல் வேளைகளில் தெருவோரமாக நின்றபடியே கல் கைமாறும். மடித்த வெள்ளைக் கடதாசியைத் திறந்து காட்டி அழைக்கிறவர்கள் பயணிகளிடமும் வருவார்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் சோதனைச் சான்றிதழ் இல்லாத கல்லை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், வாங்கக்கூடாது.

சிவனொளிபாத மலைக்கு இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தலை வழியும், குருவிட்ட பக்கமிருந்து எரத்னை வழியும் இருக்கின்றன. 2,243 மீற்றர் உயர மலைக்கு இவை மறுபக்கத்து நல்லதண்ணி வழியைவிட நீண்டவை, கூட்டம் குறைந்தவை, முழங்காலைக் கடுமையாகச் சோதிப்பவை. இதைத் திட்டத்தில் சேர்த்தால் முழுதாக ஒரு நாளையும் மறுநாள் ஓய்வையும் ஒதுக்கவேண்டும். மலை வேண்டாம் என்பவர்களுக்குக் குருவிட்டவிலேயே போபத் எல்ல இருக்கிறது. அரச இலை வடிவில் விழும் அருவி அது, மழைக்குப் பின் நீராடக்கூடாத இடம்.

இரத்தினபுரியிலிருந்து கிழக்கே பெல்மதுளையில் பாதை பிரிகிறது. நேரே போனால் பலாங்கொடை, பெலிஹுல்ஓயா. குளிர்ந்த ஆறும், வீதியோரத் தங்குமிடங்களும், மேலே நொன்பெரியல் தோட்டத்து வழியாக ‘உலக முடிவு’ என்ற செங்குத்துச் சரிவின் அடிவாரத்துக்கு ஏறும் கரடான பாதையும் அங்கே உண்டு. இன்னும் சற்றுத் தூரம் போய் மாவட்ட எல்லையைத் தாண்டினால், இலங்கையின் மிக உயரமான 263 மீற்றர் பம்பரகந்தை அருவி. ஆறு நாளுக்குள் முடிக்கவேண்டிய பயணத்தில் இதற்கு இடமில்லை. ஏழாவது நாள் கிடைத்தால் சேர்க்கலாம். கடலுக்கு இறங்குகிறவர்கள் பெல்மதுளையில் வலப்புறம் திரும்பி ஏ18 வீதியைப் பிடிக்கவேண்டும். அங்கிருந்து கடலோரத்து நோனாகம சந்தி ஏறத்தாழ 100 கி.மீ.

காவத்தை, மாதம்பை, இரக்குவானை என்று தொடரும் இந்தப் பகுதி தோட்டப் பகுதி. நுவரெலியாவின் ஒழுங்கான பச்சைக் கம்பளம் இங்கே இல்லை. தாழ்நிலத் தேயிலை, இறப்பர், கறுவா, மிளகுக் கொடி, சிற்றுடைமையாளரின் வீட்டுத்தோட்டம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட தாழ்நிலத் தேயிலைதான் என்பது நுவரெலியாப் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். இறப்பர் தோட்டத்தைப் பார்க்க விடியற்காலைதான் நேரம். வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடிக்கவேண்டும். பட்டையில் சாய்வாக ஒரு நூல் கனத்துக்குச் சீவி விட்டதும் வெள்ளைப்பால் அந்தக் கீறலில் வழிந்து சிரட்டைக்குள் சொட்டும். இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளத்துக்கும் அது கேடு. பயணிக்கு அழகாகத் தெரியும் ஈரமான காலை, பால் வெட்டுகிறவருக்கு வேறு மாதிரி.

தோட்டப் பாதைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கைப்பேசி வரைபடம் இவற்றைக் குறுக்கு வழியாகக் காட்டும். லயத்துக்கும் ஸ்டோருக்கும் கொழுந்து லொறி போய்வரப் போட்ட கற்பாதைகள் அவை. பலவற்றில் முன்னால் வரும் வண்டிக்கு ஒதுங்க இடமிருக்காது. தோட்டத்துக்குள் போக விரும்பினால் துரைமார் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவதே முறை. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுப்பதும், நிறைகாணும் நேரத்தில் மடுவத்தின் முன் வண்டியைக் குறுக்கே நிறுத்துவதும் அங்கே யாருக்கும் பிடிக்காது. இரக்குவானை, காவத்தை, பலாங்கொடைக் கடைத்தெருக்களில் தமிழிலேயே வழி கேட்கலாம், ரொட்டியும் சம்பலும் வாங்கலாம். 1977, 1981 வன்செயல்களில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெற்றோர் பிறந்த லயத்தைத் தேடி வருவதுண்டு. அவர்கள் தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரையும் கேட்டறிந்து வரவேண்டும். ஒரே தோட்டத்தின் பிரிவுகள் எதிரெதிர் மலைகளில் இருக்கும்.

இரக்குவானையிலிருந்து தெற்கே புளுத்தொட்டக் கணவாய் ஏறினால், கொண்டையூசி வளைவுகளைக் கடந்து தெனியாய வழியே காலிக்கு இறங்கும் ஏ17 வீதி. வறண்ட வலயத்தைப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு அது குறுக்கு வழி, நல்ல வழியும்கூட.

ஏ18 வீதியிலேயே தொடர்ந்தால் காவத்தையைத் தாண்டிக் கொடகவெலப் பக்கம் வரும்போது ஓடைகள் திசை மாறியிருக்கும். இனி எல்லா நீரும் வளவைக்கு. எம்பிலிப்பிட்டியவை நெருங்கும்போது இறப்பர் மறைந்து வாழையும் வயலும் தேக்கும் வரும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நிலத்திலிருந்து, 1,000 மில்லிமீற்றர் அளவே பெறும் கரையை நோக்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். காரின் யன்னலைத் திறந்துவைத்தால் காற்றே அதைச் சொல்லும்.

உடவளவை தேசிய பூங்கா 1972இல் அமைந்தது. நீர்த்தேக்கம் கட்டியதால் இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும் குளத்தின் நீரேந்து பகுதியைக் காக்கவும் ஒதுக்கிய 308 சதுர கி.மீ. நிலம், சப்ரகமுவ, ஊவா மாகாண எல்லையில் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் யானை தெரியும் பூங்கா என்பதால் மாதத்தைப் பற்றிக் கவலையில்லை. ஜீப் பிடித்து விடிந்ததும் உள்ளே போய் ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. பூங்காவை ஒட்டித் தணமல்விலைக்குப் போகும் வீதியில் மின்வேலிக்கு அப்பால் யானைகள் வரிசையாக நின்று வண்டிகளைப் பார்க்கும். கடந்துபோகிறவர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதன் விளைவு அது. கொடுப்பது சட்டத்துக்கு மாறானது. அப்படிப் பழகிய யானை பின்னர் வேலியை உடைத்து ஊருக்குள் வருவதும் சுடப்படுவதும் ஒரே கதையின் அடுத்த பக்கங்கள்.

இதே மாகாணத்தில் யானையை வைத்து இரண்டு வேறு வழிகள் நடக்கின்றன. கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975இல் தொடங்கிய யானைகள் சரணாலயத்தில் யானைகள் மனிதரோடேயே வளர்கின்றன, குட்டி ஈனுகின்றன, நாள்தோறும் மகா ஓயாவில் குளிக்க வீதியைக் கடந்து போகின்றன. உடவளவையில் 1995இல் தொடங்கிய இடைத்தங்கல் நிலையமோ தாயை இழந்த குட்டிகளுக்குப் பாலூட்டி வளர்த்து, வளர்ந்ததும் காட்டிலேயே விட்டுவிடுகிறது. பார்வையாளர்கள் பாலூட்டும் நேரத்தில் மேடையில் நின்று தூர இருந்து பார்க்கலாம். தொட அனுமதியில்லை. குழந்தைகளுக்குப் பின்னவலைதான் பிடிக்கும். யானைக்கு எது நல்லது என்று கேட்டால் உடவளவையே மேல்.

நோனாகம சந்தியில் கடலோர வீதி வந்துவிடும். வளவை கங்கை கடலில் சேரும் அம்பலாந்தோட்டை அங்கிருந்து சற்றுக் கிழக்கே, மேற்கே தங்காலை, மாத்தறை, காலி. கரையோரத்தைப் பற்றிப் பயணநூல்கள் நிறையவே சொல்லிவிட்டன. தமிழ் வாசகர் நிற்கவேண்டிய இடம் தேவேந்திரமுனை. இலங்கையின் தென்கோடியான அங்கே 1890 முதல் எரியும் வெளிச்சவீடு நிற்கிறது. தென்னாவரம் என்று தமிழர் அழைத்த பெருங்கோயில் இருந்ததும் அங்கேதான், அதை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனத் தளபதி செங் ஹ எழுதுவித்த கல்வெட்டின் தமிழ்ப் பகுதி அந்தக் கோயில் நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் பொறித்த அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இன்று அதைப் பார்க்கக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகவேண்டும். காலிக் கோட்டையில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் அதிவேகப் பாதையில் கொழும்பு திரும்பினால், சிங்கராஜாவில் ஒன்று, இரத்தினபுரியில் ஒன்று, உடவளவையில் ஒன்று, தங்காலையில் ஒன்று, காலியில் ஒன்று என ஐந்து இரவுகளில் பயணம் முடியும்.

கட்டுநாயக்கவில் இறங்கி நீர்கொழும்பில் தங்கும் வெளிநாட்டுத் தமிழர்களுக்குக் கேகாலைப் பக்கமே வசதி. கண்டி வீதியில் வரக்காப்பொலையில் தலகுலி எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு, பின்னவலையைப் பார்த்துவிட்டு, கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்கு இறங்கும் ஏ21 வீதியைப் பிடிக்கலாம். இறப்பர் மலைகளின் ஊடாகப் போகும் இந்த வீதியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. அங்கிருந்து யட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலை. டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்துக்காகப் பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்த இடம் இதுதான், படம் 1957இல் வந்தது. இன்று அங்கே இறப்பர் படகில் ஆற்றுச் சவாரி. மேலே உள்ள மின்நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்தே ஆற்றின் வேகம் என்பதால், எப்போது இறங்கலாம் என்பதைப் படகுக்காரரிடம் விட்டுவிடவேண்டும். பிறகு அவிசாவளைக்கு வந்து இரத்தினபுரி வீதியில் சேர்ந்தால் மேலே சொன்ன பாதையோடு இணைந்துவிடும்.

வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது. அதற்கான தற்காலிக அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். பழக்கமில்லாதவர்கள் சாரதியோடு வண்டி பிடிப்பது செலவில் பெரிய வித்தியாசம் தராது. அப்போது சாரதிக்கான உணவும் தங்குமிடமும் வாடகைக்குள் அடங்குமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளவேண்டும். எரிபொருளை இரத்தினபுரியிலும் எம்பிலிப்பிட்டியவிலும் நிரப்பிக்கொண்டால் இடையில் தேடவேண்டியிருக்காது. இரவு ஓட்டத்தைத் தவிர்க்கவேண்டும், கணவாய்களில் மூடுபனிக்காகவும் உடவளவைப் பக்கம் வீதியில் நிற்கும் யானைகளுக்காகவும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மலைமடிப்புகளில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உண்டு. ஆகவே இந்த எண்களோடு அன்றன்று தங்கும் இடத்தின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளவேண்டும்.